தவ்லத்தின் மகன்

தவ்லத்தை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. கல்யாணப் பத்திரிகையிலேயே இன்னாரின் மகள் என்றுதான் போட்டார்கள். மூத்தவன் பிறந்ததும் ‘ஷவ்கியின் அம்மா’ ஆனாள். கெய்ரோவில் ஆண்பிள்ளைக்கு அம்மா பெயர் வெளியே தெரிந்துவிட்டால் மானமே போன மாதிரி. பள்ளிக்கூடப் பையன்கள் அதைச் சொல்லியே அழவைத்துவிடுவார்கள். என்ன அநியாயமோ!

சின்னவன் பாசிம் போன குளிர்காலத்தில், ஆட்சியை எதிர்த்துச் சதுக்கத்தில் நடந்த போராட்டத்தில் குண்டடிபட்டுச் செத்தான். மேடைக்கு மேடை அவன் பெயரோடு அப்பன் பெயரைச் சேர்த்துச் சொன்னார்கள். கைக்குழந்தையோடு விட்டுவிட்டு ஓடிப்போன அப்பன்! விடிய விடியத் தையல் மிஷினை மிதித்து வளர்த்தவளின் பெயர் ஒருவர் வாயிலும் வரவில்லை. தவ்லத்துக்கு வயிறு எரிந்தது.

அதனால்தான், சதுக்கத்துக்குப் பக்கத்துச் சுவரில் பாசிமின் முகத்தை வரைந்த ஓவியக் கல்லூரிப் பெண் ராந்தா, “கீழ என்ன எழுதட்டும் ஹாஜியாம்மா?” என்று கேட்டபோது, அவள் யோசிக்கவே இல்லை.

“தவ்லத்தின் மகன்னு எழுது. கொட்டை எழுத்துல எழுது.”

ராந்தா ஏணியிலிருந்து குதித்து இறங்கி அவளைக் கட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் ஷவ்கி வெள்ளைப் பெயின்ட் வாளியோடு அந்தச் சுவரடிக்கு வந்து நின்றான். தவ்லத்தும் ராந்தாவும் அங்கேதான் இருந்தார்கள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

“காபிக்கடையில தலைகாட்ட முடியலம்மா! ‘தவ்லத் மகனே, டீ ஆறுது’ன்னு கூப்புடுறானுங்க.”

“ஆறுனா குடிக்க வேண்டியதுதானே?”

“விளையாடாதம்மா. தம்பி முகம் இருக்கட்டும். பேர மட்டும் அழிச்சிடுறேன்.”

ராந்தா குறுக்கே வந்தாள். தவ்லத் அவளை விலக்கிவிட்டுத் தானே பெயரின்மேல் முதுகைச் சாய்த்து நின்றாள்.

“சரி, அழி. என் மேலயும் சேர்த்துப் பூசு. நான் என்ன திருடினேனா, ஓடிப்போனேனா? ஓடிப்போனவன் பேர மைக்குல சொன்னப்ப உனக்குக் கூசலையேடா!”

நனைத்த தூரிகையிலிருந்து பெயின்ட் ஷவ்கியின் செருப்பில் சொட்டியது.

அந்த நேரம் பார்த்துப் பெண்களின் ஊர்வலம் தெருவுக்குள் திரும்பியது. ராணுவத்துக்காரர்கள் ஒரு பெண்ணைத் தெருவில் போட்டு மிதித்ததற்கு நியாயம் கேட்க வந்த கூட்டம். நடைபாதையில் நின்ற சில தடியன்கள், “வீட்டுக்குப் போய்ச் சோத்த ஆக்குங்கடி!” என்று கத்தினார்கள். ஒருவன் சுவரைப் படித்துவிட்டுச் சிரித்தான். “தவ்லத்தாம்! எவடா அவ?”

ஷவ்கி வாளியைக் கீழே வைத்தான். கை முஷ்டியாகிவிட்டது.

“அடிக்கப் போகாத,” என்றாள் தவ்லத். “என்னத் தூக்கு.”

“என்னது?”

“கோஷம் போடுறவங்களத் தோள்ல தூக்குறாங்கள்ல, அந்த மாதிரித் தூக்கு. பாசிமைச் சுமந்த தோள்தானே, என்னச் சுமக்காதா?”

அவன் கண் கலங்கிவிட்டது. மண்டியிட்டுக் குனிந்தான். ராந்தா கைகொடுத்து ஏற்றிவிட்டாள். எழும்போது, “யம்மா, கனமா இருக்கியே!” என்று முனகினான்.

“பேசாம நில்லுடா!”

தெரு முழுக்கத் தலைகளாகத் தெரிந்தது. தவ்லத் கையை உயர்த்தினாள்.

“என் பேரு தவ்லத்! பாசிம் யாரு மகன்?”

முன்வரிசைப் பெண்கள் கல்யாண வீட்டில் இடுவது போலக் குலவை இட்டார்கள். அந்தக் குலவையோடு கூட்டம் பதில் சொன்னது.

“தவ்லத் மகன்!”

அடுத்து ஒருத்தி தன் பெயரைக் கத்தினாள். “நான் இன்ஷிராஹ்!” இன்னொருத்தி, “நான் ஃபிக்ரியா!” வரிசை வரிசையாகப் பெயர்கள் கிளம்பின. கேலி செய்த தடியன் சந்துக்குள் நழுவப் பார்த்தான். “உங்கம்மா பேர் என்னப்பா?” என்று ராந்தா ஏணியில் ஏறி நின்று கேட்டாள். அவன் ஓட்டமாக ஓடியே போனான்.

தவ்லத் மறுபடியும் கேட்டாள், இன்னும் உரக்க.

“பாசிம் யாரு மகன்?”

“தவ்லத் மகன்!” இந்தத் தடவை அவளைச் சுமந்துகொண்டிருந்தவனின் குரல்தான் எல்லோருக்கும் முந்திக்கொண்டது. கத்திவிட்டு அவன் நிறுத்தவில்லை. “நானும்தான்!” என்றான். “நானும் தவ்லத் மகன்தான்!”