ஊதாக் குடை வைத்த மேசை

1

இந்தக் கதை பசியில் பிறந்தது. ஒரு சனிக்கிழமை மதியம் தேக்கா உணவங்காடியில் உட்கார இடமில்லாமல் தட்டோடு சுற்றிக்கொண்டிருந்தேன். ஆளில்லாத மேசை ஒன்றில் ஒரு குடை மட்டும் சாவகாசமாகப் படுத்திருந்தது. அதைத் தள்ளிவிட்டு உட்கார எனக்குத் துணிச்சல் வரவில்லை. இந்த ஊரில் யாருக்கும் வராது. மேசைமேல் ஒரு டிஷ்யூப் பொட்டலம் இருந்தாலே அது பட்டா போட்ட நிலம். நின்றுகொண்டே சாப்பிட்டேன். அந்தக் கோபத்தில் எழுத ஆரம்பித்தேன்.

முதல் வரி இப்படி வந்தது: "மல்லிகை மணம் கமழும் லிட்டில் இந்தியாவின் காலைப்பொழுதில், பண்பாடுகளின் சங்கமமாக…"

வேண்டாம். இது சுற்றுலாத் துண்டுப்பிரசுரம். அந்த மணத்தில் பாதி மீன் கடையிலிருந்து வருவது.

இரண்டாவது முயற்சி: "மரியஅந்தோணி அன்று ஒரு முடிவு சொல்ல வேண்டியிருந்தது."

இது பரவாயில்லை. வைத்துக்கொள்வோம்.

2

மகள் டானியலா காதலிக்கும் ரமணனை மாப்பிள்ளையாக ஏற்பதா, வேண்டாமா என்பதுதான் அந்த முடிவு. "சனிக்கிழமை முழுக்க அந்தத் தம்பி நம்மகூட கடைகண்ணி சுத்தட்டும், சாப்பிடட்டும். ஈசூன் வீட்டுக்குத் திரும்பிப் போற எம்ஆர்டி ரயில்ல என் தீர்ப்பச் சொல்றேன்" என்று வீட்டில் அறிவித்திருந்தார். 'தீர்ப்பு' நான் சேர்த்த சொல் அல்ல. அவருடையதே.

ரமணன் இந்து என்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. தன் மனம் எவ்வளவு பரந்தது என்று டானியலா கொட்டாவி விடும்வரை விளக்கியிருந்தார். சிக்கல் வேறு. ரமணன் சைவம்.

"எலும்பு கடிக்கத் தெரியாதவன்கூட கிறிஸ்துமஸ் அன்னிக்கு நான் என்னத்தப் பேசறது?"

(கவனிக்க: அது தவக்காலம். மரியஅந்தோணியே ஈஸ்டர்வரை ஆட்டிறைச்சியை விட்டிருந்தார். சும்மா விடவில்லை, தமிழ்த் திருப்பலி முடிந்ததும் மைக்கைப் பிடித்து விட்டிருந்தார். தேவாலயப் பங்கின் தமிழ்க் குழுத் தலைவர் அல்லவா? அவர் இறங்கியதும் துணைத் தலைவர் ஆர்னால்ட் ஏறி, தானும் ஆட்டிறைச்சியை விடுவதாகச் சொன்னார். கூடவே முட்டையையும். முட்டை தனக்குத் தோன்றாமல் போனதை மரியஅந்தோணியால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.)

3

பஃபலோ ரோட்டுக் காய்கறிக் கடைகளில் சுற்றுலா தொடங்கியது.

"இது வாழைப்பூ, தம்பி."

"ஆமா அங்கிள்."

"இது முருங்கக்கா."

"ஆமா அங்கிள்."

சைவக்காரனுக்குக் காய்கறியை அறிமுகம் செய்துகொண்டிருக்கிறோம் என்பது மூன்றாவது கடையில்தான் அவருக்கு உறைத்தது. அவர் மனைவி அல்போன்சம்மாளுக்கு முதல் கடையிலேயே உறைத்திருந்தது.

"தக்காளிய விட்டுட்டீங்களே, அதையும் காட்டுங்க. பாவம், பாத்திருக்க மாட்டாரு."

அடுத்து மசாலாக் கடை. "காதர் மைதீன் கடை. இருவது வருஷப் பழக்கம். என்னைப் பாத்தா எந்திரிச்சு நிப்பாரு பாருங்க" என்றார் மரியஅந்தோணி, வாசலில் நெஞ்சை நிமிர்த்தி.

காதர் மைதீன் எழுந்துதான் நின்றார். "வாங்க சார், வாங்க! ஊருக்குப் புதுசா? எந்த ஹோட்டல்ல தங்கியிருக்கீங்க?"

டானியலா மிளகாய்த்தூள் மூட்டைக்குப் பின்னால் மறைந்து சிரித்தாள். ரமணன் சிரிக்கவில்லை. "அவருக்குக் கண்ணாடி மாத்தணும்போல, அங்கிள்" என்று மெதுவாகச் சொன்னான்.

மரியஅந்தோணி அவனை முதல்முறையாக நேராகப் பார்த்தார். தேவையே இல்லாமல் அரைக் கிலோ சீரகம் வாங்கினார்.

4

ரமணன்மேல் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. இவ்வளவு நல்லவன் கதைக்கு ஆகமாட்டான். நடந்து நடந்து கால் வலிக்கிறது என்று ஒரு இடத்தில்கூட முனகவில்லை. அல்போன்சம்மாள் வளையல் கடையில் ஒரே வளையலை எட்டுப் பேரைப்போல மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தபோதும் பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு குறை வைத்தே ஆக வேண்டும். சரி, தோசைக்குத் தக்காளி சாஸ் ஊற்றிக்கொள்வான். இதற்குமேல் ஒருவரைக் கெட்டவராக்க என்னால் முடியாது.

5

உணவங்காடி. ஒரு மேசை காலியானது. அல்போன்சம்மாள் டிஷ்யூவை எடுத்தாள்.

"தலைவர் டிஷ்யூ வச்சா இடம் பிடிப்பாரு?" என்று தடுத்து, மரியஅந்தோணி தன் ஊதாக் குடையை மேசைமேல் கிடத்தினார். பங்கின் பொன்விழாக் குடை. தமிழ்க் குழுவின் பெயர் கொட்டை எழுத்தில். *

> * நிறத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவரேதான். "நம்ம ஆளுங்க எங்க இருந்தாலும் பளிச்சுன்னு தெரியணும்." முந்நூறு குடை அடித்து முந்நூறு பேருக்கும் கொடுத்தார்கள்.

ஆளுக்கொரு வரிசையாகப் பிரிந்தார்கள். அல்போன்சம்மாளும் ரமணனும் தோசைக்கு, டானியலா பானங்களுக்கு, மரியஅந்தோணி மீன்குழம்புச் சோற்றுக்கு. அவர்தான் முதலில் திரும்பினார். ஊதாக் குடை பளிச்சென்று தெரிந்தது. உட்கார்ந்தார்.

குடைக்குப் பக்கத்தில் ஒரு தட்டு ஆட்டிறைச்சிப் பிரியாணி. ஆவி பறந்தது. டானியலா தனக்கு வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்தார்.

அவர் அதைத் திரும்பிக்கூடப் பா…

இல்லை. பார்த்தார்.

பார்த்ததோடு சரி, தொடவே…

தொட்டார். ஒரு சின்னத் துண்டு. பிறகு அந்தச் சின்னத் துண்டுக்குத் துணையாக இன்னொன்று. பிறகு, துண்டு மட்டும் குறைந்தால் மகளுக்குத் தெரிந்துவிடுமே என்று கொஞ்சம் சோறு.

"தலைவரே?"

நிமிர்ந்தார். ஆர்னால்ட். கையில் ஒரு சின்னத் தட்டு. அதில் ஒரு அவித்த முட்டை.

இரண்டு பேரும் பிரியாணியைப் பார்த்தார்கள். பிறகு முட்டையைப் பார்த்தார்கள். இன்னும் இரண்டு மேசை தள்ளி, இன்னொரு ஊதாக் குடை பளிச்சென்று தெரிந்தது.

"இது… யாரு பிரியாணி தலைவரே?" என்றார் ஆர்னால்ட். வாங்கியவர் அவர்.

"அதத்தான் நானும் ரொம்ப நேரமா யோசிக்கிறேன்" என்றார் மரியஅந்தோணி. தின்றவர் இவர்.

"அந்த முட்டை?"

"யாரோ கொஞ்சம் பிடிச்சுக்கச் சொன்னாங்க."

அதற்குள் மற்ற மூவரும் வந்துவிட்டார்கள். "அப்பா, நம்ம டேபிள் அங்க லா!" என்றாள் டானியலா. அல்போன்சம்மாள் கணவரின் மீசையைப் பார்த்தாள். அதில் மஞ்சளாக ஒரு சோற்றுப்பருக்கை.

"இது யாரோட சாப்பாடு?" என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். அதுதான் பயம்.

தலைவர் விட்டத்து மின்விசிறியைப் பார்த்தார். துணைத் தலைவர் முட்டையைப் பார்த்தார்.

"என்னோடது ஆன்ட்டி" என்றான் ரமணன்.

அவன் தோசை அவள் கையில் இருந்தது.

"ஓகோ" என்றாள் அல்போன்சம்மாள். "அப்ப உக்காந்து சாப்பிடு தம்பி. ஆறிடப் போகுது." சொன்னது ரமணனிடம். பார்த்தது மீசையை.

ரமணன் உட்கார்ந்தான். கரண்டியை எடுத்தான்.

6

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் தெரிகின்றன.

அ) மரியஅந்தோணி எழுந்து எல்லார் முன்னாலும் உண்மையை ஒப்புக்கொள்கிறார். இதை எழுதிப் பார்த்தேன். "இந்தச் சந்தர்ப்பத்தில் ஓரிரு வார்த்தைகள்" என்று ஆரம்பித்தார். தோசை ஆறிவிட்டது. அடித்துவிட்டேன்.

ஆ) ரமணன் சாப்பிட்டுவிடுகிறான், மாமனாரின் மானம் பிழைக்கிறது. முடியாது. ஒரு கதைக்காகச் சைவக்காரன் வாயில் ஆட்டைத் திணிக்க எனக்கு உரிமையில்லை. நாலாம் பகுதியில் அவனுக்குச் சாஸ் மட்டும்தான் கொடுத்தேன்.

இ) துப்புரவு செய்பவர் வந்து தட்டை எடுத்துப் போய்விடுகிறார். இது கோழைத்தனமான முடிவு. ஆர்னால்டுக்கு ரொம்பப் பிடித்தது.

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கரண்டி தட்டிலிருந்து கிளம்பிவிட்டது. அதில் பெரிய துண்டாக ஒன்று. ரமணன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். வாயைத் திறந்தான்.

"வேணாம், மாப்பிள்ளை!"

இதை நான் எழுதவில்லை. மரியஅந்தோணி சொல்லிவிட்டார். கரண்டியையும் பிடித்துவிட்டார்.

டானியலாவின் கையில் ஐஸ் மைலோ சாய்ந்து வடிந்துகொண்டிருந்தது.

"அப்பா, இப்ப என்ன சொன்னீங்க?"

"எம்ஆர்டியில சொல்றதா இருந்துச்சு" என்றார் அவர். பெரிய துண்டு இன்னும் கரண்டியில், கரண்டி அவர் கையில், எல்லாருடைய கண்ணும் அதன்மேல். தொண்டையைச் செருமினார். "இந்தப் பிரியாணி…"

அந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. வீட்டுக்குள் ஒருவரைச் சேர்த்துக்கொண்ட கையோடு மைக்கில் சொன்னதை வாபஸ் வாங்குவதா, அல்லது முட்டை ஏந்திய சாட்சியை வைத்துக்கொண்டு வேறு ஏதாவது சொல்லித் தப்புவதா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எனக்குப் பசிக்கிறது, போகிறேன். மேசையில் ஒரு டிஷ்யூப் பொட்டலம் வைத்திருக்கிறேன். உங்களுக்காகப் பிடித்த இடம். உட்கார்ந்ததும் பொட்டலத்தைப் பிரித்து முதல் தாளை அவரிடம் கொடுங்கள்.

பருக்கை இன்னும் மீசையில்தான் இருக்கிறது.