துண்டு மாமாவின் ஹீட்டர்

அக்கா போனை எடுக்கவில்லை. ஒன்பதாவது தடவையும் எடுக்கவில்லை. துண்டு மாமா ஒற்றைச் செருப்போடு படியிறங்கி மழைக்குள் ஓடினான்.

மாமா என்றதும் நரைத்த தலையை நினைத்துக்கொள்ள வேண்டாம். வயது முப்பத்திரண்டுதான். மிக்சி, ஏர் ஃப்ரையர், வேக்குவம் கிளீனர், ஹீட்டர் என்று வீட்டுக்குச் சுகம் தரும் சாமான்களில் எதை வாங்கலாம், எதைத் திரும்பியே பார்க்க வேண்டாம் என்று வீடியோவில் சொல்வது அவன் பிழைப்பு. எதையும் ஏழு நாள் வீட்டில் வைத்துப் புழங்காமல் வாயைத் திறக்க மாட்டான். ஹீட்டர் என்றால் கடைசியில் ஓர் ஈரத் துண்டை அதன் தலையில் போடுவான். சூடு ஏறியதும் தானாக அணைந்தால் பாஸ். அணையாவிட்டால் மூட்டையைக் கட்டு. பார்க்கிறவர்கள் வைத்த பெயர்தான் துண்டு மாமா. அவனுக்கும் அதில் உள்ளூரப் பெருமை.

இந்த ஹீட்டருக்கு மட்டும் ஏழு நாள் கொடுக்கவில்லை. குளிர் தொடங்கிவிட்டது, மற்றவர்கள் முந்திக்கொள்வார்கள் என்று ஒரே மத்தியானத்தில் எடுத்து முடித்தான். துண்டைப் போட்டு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, கரண்ட் போய்விட்டது. ஹீட்டரின் சிவப்பு விளக்கு அணைந்தது. கேமரா பாட்டுக்கு பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்கிறவர்களுக்கு அது தானாக அணைந்த மாதிரியேதான் இருக்கும். கரண்ட் போனது தெரிந்தும் அவன் புத்தி புல் மேயப் போயிருந்தது. "பாத்தீங்களா? நம்பி வாங்குங்க!" என்று கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டான்.

நாலாம் நாள் காலை, அதாவது இன்று, கம்பெனிக்குத் திருப்பி அனுப்பப் பெட்டியைக் கட்டும்போது மனசு கேட்கவில்லை. துண்டை நனைத்து மறுபடி போட்டான். துண்டு காய்ந்தது. பழுப்பேறியது. நடுவில் கருகிப் புகை கிளம்பியது. ஹீட்டர் அணைவதாக இல்லை. அவன்தான் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கித் துண்டை இழுத்தெடுத்தான்.

அப்போதுதான் நேற்று அக்கா அனுப்பிய செய்தி நினைவுக்கு வந்தது. 'நீ சொன்ன ஹீட்டர் வந்துடுச்சுடா. பாப்பா ரூம்ல வெக்கப்போறேன். மழையில துணி காயவே மாட்டேங்குது, அதுமேலயே போட்டுக்கலாம்ல?' சரியாகப் படிக்காமலே ஒரு கட்டைவிரல் பொம்மையைப் பதிலுக்கு அனுப்பியிருந்தான். என்ன ஜென்மமோ!

பாப்பாவுக்கு நாலு மாதம். இவன்தான் தாய்மாமன்.

இருந்தது மூன்று தெரு. ஓட ஓட நீண்டுகொண்டே போனது. அக்கா குளிக்கப் போயிருந்தால்? குழந்தையைத் தூங்க வைத்துக் கதவைச் சாத்தியிருந்தால்? "கடவுளே, இந்த ஒரு தடவ மட்டும்" என்று வாய்விட்டுக் கெஞ்சினான். பத்து வருஷமாகக் கடவுளை ஏறெடுத்தும் பார்க்காத ஆள்.

கதவை உடைக்காத குறையாகத் தட்டினான். தோளில் பாப்பாவோடு அக்கா வந்து திறந்தாள்.

"மெதுவாடா! இப்பதான் கண்ண மூடினா. அவ தூங்கட்டும்னு போன் சத்தத்தைக்கூட குறைச்சு வெச்சிருக்கேன்."

அவன் அவளைத் தாண்டி உள்ளே ஓடினான். தொட்டிலுக்குப் பக்கத்தில் ஹீட்டர் பெட்டி, ஒட்டிய டேப்கூடப் பிரிக்காமல் கிடந்தது. அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அழுதுவிட்டான்.

"போடலையாக்கா?"

"பிரிக்கறதுக்கு முன்னாடி உன் வீடியோவ இன்னொரு தடவ பாத்தேன். 'நம்பி வாங்குங்க'ன்னு சொல்றப்ப காதைத் தடவற. சின்ன வயசுல என் ஜாமெட்ரி பாக்ஸை உடைச்சிட்டு 'நான் இல்லக்கா'ன்னு தடவுவியே, அதே தடவல். இவன் என்னத்தையோ மறைக்கிறான், நேர்ல வரட்டும் கேட்டுக்கலாம்னு வெச்சுட்டேன்."

அழுகையோடு சிரிப்பும் வந்தது அவனுக்கு. தப்பித்தோம் என்று மூச்சு விட்டான்.

அக்கா சிரிக்கவில்லை. பாப்பாவின் முதுகைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"எனக்கு உன் காது தெரியும். மத்தவங்களுக்கு?"

ஓடி வந்த வழியெல்லாம் அவர்களைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லை அவனுக்கு. போனை எடுத்தான். எழுபதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். 'துண்டு மாமா சொன்னா யோசிக்கவே வேணாம். பசங்க ரூமுக்கு வாங்கிட்டேன்' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அதற்குக் கீழே அதே மாதிரி இன்னும் நூற்றுக்கணக்கில். வீடியோவை அழிக்கப் போனான்.

"அழிச்சுட்டா வாங்கினவங்களுக்கு எப்படிடா தெரியும்?" என்றாள் அக்கா.

பதற்றத்தில் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்த கருகிய துண்டு இன்னும் அங்கேயே கிடந்தது. கண்ணைக்கூடத் துடைக்காமல் போனைப் பெட்டிமேல் சாய்த்து வைத்து நேரலையைத் தொடங்கினான். கை காதுக்குப் போய்விடாமல் துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டான்.

"நான் பொய் சொல்லிட்டேன். அன்னிக்கு ஹீட்டர் தானா அணையல, கரண்ட் போச்சு. கும்பிட்டுக் கேக்கறேன், வாங்கினவங்க இப்பவே பிளக்கைப் பிடுங்குங்க."

சொல்லி முடிப்பதற்குள் முதல் பதில் வந்தது. கூடவே நாலு சிரிப்புப் பொம்மை.

'மாமா, அழற சீன் சூப்பர்! நீங்க சொன்ன ஹீட்டர்தான் எங்க வீட்டுல ஓடிட்டு இருக்கு. பசங்க நல்லாத் தூங்கறாங்க.'