கட்டாமல் விட்ட ஐந்து பின்கள்

பெரிய மோட்டார் உறுமியதும் டப்பாக்களை எண்ணும் எலக்ட்ரானிக் போர்டு மறுபடி உளறத் தொடங்கியது. பெல்ட்டில் ஒரு டப்பாகூட வரவில்லை. திரையில் மட்டும் நாற்பது, அறுபது, தொண்ணூறு என்று எண் ஏறிக்கொண்டே போனது.

"என்ன சார், வராத டப்பாவையெல்லாம் எண்ணுது? மதியத்துக்குள்ள சரியாகலன்னா கழட்டி எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார் தொழிற்சாலை சூப்பர்வைசர்.

போர்டை வடிவமைத்த சின்னவன் தலையைச் சொறிந்தான். கூட வந்திருந்த அவன் சகலை, பெரியவன், வயர்களை ஆராய்வதுபோல் குனிந்துகொண்டான். அக்காவைப் பெரியவனும் தங்கையைச் சின்னவனும் கட்டியிருந்தார்கள். வேலையும் ஒரே கம்பெனியில்.

கோளாறு எதுவென்று பெரியவனுக்குப் பத்து நாளாகவே தெரியும். தன்னிடம் சரிபார்க்க வந்த வரைபடத்தில் சிப்பின் கால்களான பின்களில் ஐந்து எதிலும் சேராமல் தொங்கின. பயன்படாத பின்னை கிரவுண்டோடு கட்ட வேண்டும். இல்லையென்றால் ப்ரோக்ராமில் அதன் வாயை அடைக்க வேண்டும். சின்னவன் இரண்டையும் மறந்திருந்தான். அந்த வரிசையில் எந்தப் பின்னின் மின்னழுத்தம் அசைந்தாலும் ஒரு டப்பா என்றே ப்ரோக்ராம் எண்ணிக்கொள்ளும். அசைப்பதற்கு மோட்டார் கிளப்பும் மின் இரைச்சலே போதும்.

தவறைக் காட்டி வட்டம் போட வேண்டிய இடத்துக்கு மேலே பெரியவனின் பென்சில் அன்று சற்று நேரம் நின்றது. இந்த போர்டு ஓடிவிட்டால் புதுப் பிரிவுக்குச் சின்னவன்தான் தலைவன் என்று மேனேஜர் காலையில்தான் சொல்லியிருந்தார். தனக்கு ஆறு வருஷம் பின்னால் வேலைக்கு வந்தவன். வீட்டுக்குப் போனால் மாமியார் வேறு, "சின்ன மாப்பிள்ளை கைபட்டா எதுவும் ஓடும்" என்று மூச்சுக்கு மூச்சு சொல்வாள். பெரியவன் வட்டம் போடவில்லை. கையெழுத்துப் போட்டான்.

"சகல, நீங்க பாத்தப்ப ஏதாவது இடிச்சுதா?" என்று இப்போது சின்னவன் கேட்டான்.

"இல்லையே. பவர் சப்ளையப் பாரு."

சின்னவன் மறுபேச்சில்லாமல் அதை மாற்றினான். எண் நிற்கவில்லை. மேனேஜரின் போன் வந்தது. "சகல பாத்து ஓகே பண்ண போர்டு சார். நான்தான் மாட்டும்போது எங்கயோ சொதப்பியிருக்கேன்" என்றான்.

பெரியவனுக்கு வயிறு எரிந்தது. பழியைக்கூட இவனால் எவ்வளவு அழகாகச் சுமக்க முடிகிறது!

மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டு சின்னவன் வயரை எடுக்க சிப்பின் மேலாகக் கை நீட்டினான். எண் குதித்தது. கையை இழுத்தான், நின்றது. மறுபடி நீட்டினான். அவன் முகம் குழந்தையின் முகம்போல் விரிந்தது.

"சகல, இங்க வாங்களேன்! தொடக்கூட வேணாம், விரல் கிட்ட போனாலே எண்ணுது. நீங்க வச்சுப் பாருங்க."

பெரியவன் விரலை நீட்டினான். அன்று பென்சில் பிடித்த அதே விரல். சிப்புக்கு ஓர் அங்குலம் இருக்கும்போதே திரையில் எண்கள் தடதடவென்று ஓட ஆரம்பித்தன.