ஒரு ‘ங்க’

முன்வாசல் படியில் பாண்டிசெல்வி கால் வைத்ததுமே உள்ளேயிருந்து குரல் வந்துவிட்டது.

“ஏட்டி, பின்வாசல் தெறந்துதான கெடக்கு?”

அவள் காலை எடுக்கவில்லை. ராஜபாளையத்துப் பஞ்சு வியாபாரி தனுஷ்கோடியின் வீடு அது. அவளுடைய அம்மா வேலுத்தாய் இருபத்தாறு வருஷமாக அங்கே வேலை பார்க்கிறாள். இருபத்தாறு வருஷமும் பின்வாசல் வழியாகத்தான் வந்தாள், போனாள். ஆனால் இன்றைக்குப் பாண்டிசெல்வியை வரச் சொன்னது பாத்திரம் விளக்க அல்ல. அந்த வீட்டு மகன் பிரேம்குமாருக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்க.

“நான் பாடம் நடத்த வந்திருக்கேம்மா,” என்றாள்.

தனுஷ்கோடியின் மனைவி நாச்சியாரம்மாள் மகனைப் பார்த்தாள். பிரேம்குமார் தரையைப் பார்த்தான். பிறகு அவனே மாடிக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து சோபாவுக்குக் கொஞ்சம் தள்ளிப் போட்டான். அடுப்படி வாசலில் அம்மாவின் முகம் தெரிந்தது. உட்காராதே, நின்றுகொண்டே சொல்லிக்கொடு என்று அந்தக் கண்கள் கெஞ்சின. பாண்டிசெல்வி உட்கார்ந்தாள்.

சென்னையில் பல்கலைக்கழக விடுதியில் தங்கி ஜெர்மன் மொழியும் பண்பாடும் படிக்கிறாள், எம்.ஏ. இரண்டாம் வருஷம். இப்போது விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறாள். சொந்த ஊர் மம்சாபுரத்தில் அவள் தெருவில் யாருக்கும் அது என்ன படிப்பு என்று விளங்கியதில்லை. “ஜெர்மன்னா அந்த ஜெர்மன் சில்வர் பாத்திரமாட்டி? அத விக்கவா அம்புட்டுத் தூரம் போய்ப் படிக்க?” என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அம்மா மட்டும் கேட்டதில்லை. இந்த வீட்டுச் சம்பளத்தில்தான் மகள் படிக்கிறாள் என்பது அவளுக்குப் போதும்.

பிரேம்குமார் மெக்கானிக்கல் படித்தவன். ஜெர்மனியில் ஓர் இயந்திரக் கம்பெனி அவனை வீடியோவில் பேட்டி எடுத்திருந்தது. வேலை அறிவு நன்று, ஆனால் பழகும் முறை குறித்து மறுபடி ஒருமுறை பேச விரும்புகிறோம் என்று கடிதம் வந்திருக்கிறது; அதை அவளுக்குப் போனில் அனுப்பியிருந்தான். பத்து நாளில் அடுத்த பேட்டி.

“எங்க தப்புன்னு எனக்குப் புடிபடல செல்வி. ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கேன், நீ கேட்டுச் சொல்லு,” என்று மடிக்கணினியைத் திருப்பினான்.

திரையில் கோட்டுப் போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்ட, நரைத்த தலைப் பெண் ஒருத்தி தண்ணீர்க் குவளையோடு வந்தாள். மேசையில் வைத்தாள், கேமராவை நேராக்கினாள், ஓரமாக உட்கார்ந்தாள். பேச்சு தொடங்கியது. பாண்டிசெல்வி இரண்டு நிமிஷம் கேட்டாள், நிறுத்தினாள், பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள்.

ஜெர்மனில் ‘டு’ என்றால் நீ. ‘ஸீ’ என்றால் நீங்கள். கோட்டுப் போட்டவருக்கு ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘ஸீ’ வைத்திருந்தான் பிரேம்குமார். அந்தப் பெண் கேள்வி கேட்டபோதெல்லாம் ‘டு’.

“இவங்க யாருன்னு நெனச்சீங்க?”

“தண்ணி கொண்டு வந்துச்சே. ஆபீஸ்ல எடுபிடியா இருக்கும்னு நெனச்சேன்.”

“ஆரம்பத்துலயே பேரு சொன்னாங்கல்ல? உங்களுக்கு வந்த கடிதத்துல கையெழுத்தும் அதே பேருதான். டிபார்ட்மெண்டுக்கே தலைவி.”

அவன் முகம் வெளுத்தது. “ரூல் எனக்குத் தெரியும். எழுத்துப் பரீட்சையில ஒரு இடத்துல விட்டிருக்க மாட்டேன். வாய்தான் தானா முந்திக்கிடுது.” அலுப்போடு அடுப்படிப் பக்கம் திரும்பினான். “வேலு! காபிக்கு எம்புட்டு நேரம்?”

“இந்தா வந்துட்டேன் சின்னய்யா.”

ஐம்பதைத் தொடும் பெண் ஓட்டமாக வந்தாள். அவனுக்குப் பீங்கான் கோப்பை. மகளுக்குப் பேப்பர் கப். தனி டம்ளர் வைப்பது பழைய காலம். பேப்பர் கப் வந்த பிறகு யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பாண்டிசெல்வி கப்பைக் கையில் எடுக்கவில்லை. முதல் வருஷத்தில், அறுபது வயதுப் பேராசிரியர் அவளை ‘ஸீ’ போட்டு ஒரு கேள்வி கேட்டார். எல்லோரையும் அப்படித்தான் கேட்டார். பதில் சொல்லி உட்கார்ந்தவள், விடுதிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். எதற்கு அழுகிறோம் என்று அன்றைக்குத் தெரியவில்லை. அந்த நாடு ஒன்றும் சொர்க்கமில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். அங்கே போன சீனியர் அக்கா, கறுத்த ஆளைக் கண்டால் வேண்டுமென்றே ‘டு’ போடுகிற டிக்கெட் பரிசோதகரைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். ஆனால் அதை அவமானம் என்று சொல்ல அங்கே ஒரு சொல் இருந்தது, அதற்காகச் சண்டை போடவும் முடிந்தது. இங்கே அது வெறும் பழக்கம்.

“வாய் எங்க பழகுச்சோ அங்கதான் திருத்தணும்,” என்றாள். “பத்து நாளும் எங்கம்மாவ ‘நீங்க’ன்னு கூப்பிடுங்க. ஜெர்மன்ல ‘ஸீ’ தானா வந்துரும்.”

பிரேம்குமார் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினான்.

“என்னட்டி பேசுத?” நாச்சியாரம்மாள் எழுந்துவிட்டாள். “எம் மவன் ஓங்கம்மாள ‘வாங்க போங்க’ன்னு சொல்லணுமோ? தெருவுல காதுல விழுந்தா காறித் துப்புவாவ. ரெண்டெழுத்து படிச்சதும் அம்புட்டுத் திமிரு!”

“அம்மா, நீங்க சும்மா இருங்க,” என்றான் பிரேம்குமார். பிறகு தணிந்த குரலில், “இது மரியாதைக் கொறச்சல் இல்ல செல்வி. வேலு என்னையத் தூக்கி வளத்தவ. பாசத்துல வாரது,” என்றான்.

“பாசத்துக்கு அங்கயும் ‘டு’ உண்டு. ஆனா வயசுல மூத்தவங்க மொதல்ல சம்மதம் சொல்லணும். பொறவு ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் அப்படித்தான் கூப்பிடணும். எங்கம்மா உங்கள ‘ஏ பிரேம்குமாரு, இங்க வா’ன்னு கூப்பிடலாமா?”

அடுப்படியில் ஒரு கரண்டி விழுந்தது.

மம்சாபுரம் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். ஊர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வாயைத் திறந்தாள்.

“எம் பொழப்புல மண்ணப் போட்டுட்டியேட்டி. ஒரு ‘ங்க’ வாங்கி நான் எந்தச் சட்டியில போட்டு வதக்க?”

பாண்டிசெல்வி டிக்கெட்டை மடித்துப் பிரித்தாள். அதைக் கேட்டது அம்மாவுக்காகவா, விடுதிக் குழாயடியில் அழுத தனக்காகவா? அம்மாவின் சோற்றைப் பணயம் வைத்துத் தன் ரோஷத்தைத் தீர்த்துக்கொண்டோமோ? வீடு வரைக்கும் அந்தக் கேள்வியும் கூடவே நடந்து வந்தது.

மறுநாள் காலையில் பிரேம்குமாரிடமிருந்து போன் வந்தது. சரி என்றான். ஆனால் பாட நேரத்தில் மட்டும், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே ஒருத்தருக்கும் தெரியக் கூடாது.

முதல் நாள் அவன் நெற்றியில் வேர்வை. “வேலு... வேலுத்தாயம்மா, அந்தத் தண்ணிய இங்க வைய்... வைங்க.”

வேலுத்தாய் சட்டென்று திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தாள். யாரோ பெரிய மனுஷி வந்து நிற்கிறாள் என்று நினைத்துவிட்டாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

பாண்டிசெல்வி புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் காபி ஐந்து நிமிஷம் முன்னதாகவே வந்தது. கொடுத்துவிட்டு உடனே போகவில்லை, அந்த ‘ங்க’வைக் காதில் வாங்கிக்கொண்டுதான் போனாள். அன்று சாயங்காலம் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

“ஏட்டி, அந்தப் பொம்பள பெரிய அதிகாரி. தெரியாம ‘நீ’ன்னுட்டாரு. அதான தப்பு?”

“ஆமாம்மா.”

“அவ அதிகாரியா இல்லாம, நெசமாவே தண்ணி வைக்கிறவளா இருந்திருந்தா? அப்ப தப்பில்லையா?”

பாண்டிசெல்வி அம்மாவைப் பார்த்தாள். இத்தனை நாள் பாடம் நடத்தியும் இந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றவில்லை. பிரேம்குமாரிடம் அந்தப் பெண்ணின் பதவியைச் சொல்லித்தான் அவளும் பயமுறுத்தியிருந்தாள்.

“அப்பவும் தப்புத்தாம்மா. அங்க தண்ணி வைக்கிறவங்களுக்கும் ‘ஸீ’தான்.”

“ம்,” என்றாள் வேலுத்தாய். உரித்த வெங்காயத்தையே திரும்ப உரித்துக்கொண்டிருந்தாள்.

பேட்டி நல்லபடி முடிந்தது. அந்தப் பெண்ணிடம் பிரேம்குமார் ஓரிடத்திலும் பிசகவில்லை. வேலை உறுதியாகி, விசாவும் வந்து, அவன் கிளம்பும் நாளில் வீடு நிறைந்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பெரியம்மா குடும்பம் பால்கோவாவோடு வந்திருந்தது. சென்னையிலிருந்து ரெண்டு நாள் விடுப்பில் வந்திருந்த பாண்டிசெல்வி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று வந்து கூடத்து ஓரமாக நின்றாள். அவளைப் பார்த்ததும் பிரேம்குமார் மலர்ந்து ஜெர்மனில் நன்றி சொன்னான். இலக்கணச் சுத்தமாக, ‘ஸீ’ போட்டு. சொந்தக்காரர்கள் வியந்தார்கள்.

“நம்ம புள்ள என்னமாப் பேசுது!” என்றாள் பெரியம்மா.

கார் வந்துவிட்டது என்று தனுஷ்கோடி வெளியிலிருந்து குரல் கொடுத்தார். பிரேம்குமார் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அடுப்படிப் பக்கம் திரும்பினான்.

“ஏ வேலு! மாடியில பெட்டி கெடக்கு பாரு. எடுத்துட்டு வந்து கார்ல வை.”

வேலுத்தாய் பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு வந்தாள். பாண்டிசெல்வி பேசுவதற்கு வாயெடுத்தாள். அம்மா அவள் பக்கம் பார்க்கவே இல்லை.

“செத்த இரு பிரேம்குமாரு,” என்றாள் வேலுத்தாய். “பெட்டி கனமா இருக்கும். நீயே எடுத்துக்கிடு.”

பால்கோவாவை வாய்க்குக் கொண்டுபோன பெரியம்மாவின் கை பாதியில் நின்றது.

“யாரு யாரட்டி ‘நீ’ங்கிறது?” என்றாள்.

“நாந்தான் தாயி.” வேலுத்தாயின் குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. “குளிப்பாட்டி, சோறூட்டி வளத்த புள்ள. பாசத்துலதான் என்னைய ‘நீ’ங்குதாம். பாசம்னா ஒரு பக்கமா மட்டுமா இருக்கும்? மூத்தவ நான், சம்மதம் சொல்லிட்டேன். இனி ரெண்டு பேரும் சொல்லிக்கிடலாம்.”

பிரேம்குமார் காது வரை சிவந்துபோய் மாடிப்படியைப் பார்த்தான். யாரும் அசையாததால், கடைசியில் அவனே ஏறிப் போனான்.

நாச்சியாரம்மாளுக்கு அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது. “நாளையிலருந்து இந்த வீட்டுப் பக்கம் வராதட்டி!”

பாண்டிசெல்வி முன்னால் வந்தாள். அம்மா கையை நீட்டி அவளை அங்கேயே நிறுத்தினாள்.

“‘வராதீங்க’ன்னு சொல்லுங்கம்மா,” என்றாள் வேலுத்தாய். “சொன்னா வேலைய விட்டு நின்னுக்கிடுதேன்.”

நாச்சியாரம்மாளின் உதடு அசைந்தது. சொல் வரவில்லை. வேலுத்தாய் அவசரப்படுத்தவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் நடுவில் நிமிர்ந்து நின்று காத்திருந்தாள்.