ஐந்து வருடக் காமாலை

“மஞ்சக் காமாலைன்னு எழுதிப் போடு. எவன் வந்து பாக்கப் போறான்?” என்றார் தளவாய், பட்டறைக்குக் கிளம்பச் சட்டையை மாட்டிக்கொண்டே.

“ஐயையோ, நோவு கீவுன்னு எழுதாதட்டி. நாளைக்கி மாப்ள வீட்டுக்காரவுக காதுல விழுந்தா?” என்று மகளிடம் பதறினாள் முருகம்மாள்.

“அப்ப டைபாய்டுன்னு எழுதட்டும்.”

“அஞ்சு வருசமாவாப்பா டைபாய்டு?” என்றாள் விஜயராணி. யாரும் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். பன்னிரண்டாம் வகுப்பில் எண்பத்திரண்டு சதவீதம் வாங்கியவளைக் கல்லூரிக்கு அனுப்பாமல் நிறுத்தினார்கள். ஒரு வருடம் மூத்தவன் மாரிக்கண்ணன் அதே பரீட்சையில் ஆங்கிலத்தில் தோற்று நின்றான். “அண்ணன் பாஸாவட்டும், பொறவு நீ போ. தங்கச்சி காலேஜுக்குப் போனா அவன் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுத் தாராவியில நடப்பான்?” என்றார் தளவாய். அவன் பாஸாகவே இல்லை. அவள் ஐந்து வருடம் சோறு வடித்தாள். கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராகப் போன் பண்ணுவதை நிறுத்தினார்கள். இப்போது கல்யாண் ஊரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார், பெண்ணுக்கு டிகிரி இருந்தால் நல்லது என்று சொன்னதும் தளவாய்க்குப் படிப்பின் அருமை புரிந்துவிட்டது. என்ன நியாயம் பாருங்கள்!

கல்லூரியில் சேர விண்ணப்பத்தோடு, படிப்பு இடையில் நின்ற வருடங்களுக்குக் காரணம் எழுதி உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். இன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது.

கிங்ஸ் சர்க்கிளுக்கு அவள் தனியாகவே நடந்தாள். அங்கே ஜவுளிக்கடை மாடியில் ஓர் அறக்கட்டளை, மாணவர்களுக்குக் கல்லூரி விண்ணப்பங்களை இலவசமாக நிரப்பிக் கொடுக்கிறது. பெஞ்சில் இருந்த மற்றவர்களோடு அப்பாவோ அம்மாவோ வந்திருந்தார்கள். விஜயராணி பக்கத்தில் தன் பையை வைத்துக்கொண்டாள்.

மேஜைக்குப் பின்னால் நாகலக்ஷ்மி, பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மதிப்பெண் பட்டியலைச் சரிபார்த்தார், போட்டோவை ஏற்றினார், ஒரு சந்தேகத்துக்குக் கல்லூரிக்கே போன் போட்டுக் கேட்டார். உறுதிமொழிப் பத்திரத்தில் ‘காரணம்’ என்ற இடம் வந்ததும் அவளைக் கேட்காமலே ‘உடல்நலக் குறைவு’ என்று தட்டினார்.

“மேடம், எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லியே.”

“தெரியும்மா. பொண்ணுகளுக்கெல்லாம் இதான் போடறது. காலேஜ்ல மேல கேள்வி கேக்க மாட்டா.”

“பையங்களுக்கு?”

“அவாளுக்கு… வேலைக்குப் போனான்னு போடுவோம்.”

சொன்ன பிறகுதான் அது அவருக்கே உறைத்தது. இந்த மாதம் மட்டும் பதினேழு பெண்களுக்குத் தன் கையாலேயே வியாதி கொடுத்திருக்கிறார். பையன்களில் ஒருவனுக்குக்கூடத் தலைவலி வந்ததில்லை.

“நெசத்த எழுதுனா சேக்க மாட்டாங்களா?”

“அதுக்காகத் தள்ள மாட்டா. ஆனா உங்காத்துல என்ன சொல்லுவாளோ?”

“அத நான் பாத்துக்கிடுதேன்.”

நாகலக்ஷ்மி அந்த வார்த்தைகளை அழித்தார். விஜயராணி சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் தட்டினார். நோட்டரியின் கையெழுத்தும் வாங்கி, நாலரைக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. நல்ல செய்தியைச் சொல்ல விஜயராணி போனை எடுத்தாள். யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. திரும்பப் பைக்குள் போட்டாள்.

வீட்டில் தளவாய் பத்திரத்தின் நகலை வாங்கி மகனிடம் நீட்டினார். “என்ன எழுதிருக்கா, வாசில.”

மாரிக்கண்ணன் எழுத்துக்கூட்டி மனதுக்குள் வாசித்தான். கடைசி வரியில் அவன் காது சிவந்தது. “சப் டீக்ப்பா, எல்லாம் சரியாத்தான் இருக்கு. மஞ்சக் காமாலைன்னுதான் போட்டிருக்கு” என்றான், தங்கையைப் பார்க்காமல்.

தளவாய் தலையாட்டினார். அவள் பேசாமல் இருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும். ஐந்து வருடம் பேசாமல்தானே இருந்தாள்!

“இல்லப்பா. அண்ணன் சரியா வாசிக்கல. குடு, நான் வாசிக்கேன்.”

காகிதத்தை வாங்கித் தமிழில் சொன்னாள். “எனக்கு எந்த நோவும் இல்ல. அண்ணன் பாஸாவுற வரைக்கும் நான் படிக்கக் கூடாதுன்னு வீட்டுல நிறுத்திட்டாங்க. அவன் இன்னும் பாஸாவல.”

அக்கம்பக்கத்தில் கேட்டுவிடுமே என்று முருகம்மாள் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். விஜயராணி குரலை உயர்த்தி, முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.