ஐந்தாவது முகம்

எழுந்தேன். பல் தேய்த்தேன். குளித்தேன். துண்டைப் பிழிந்து கொடியில் காயப் போட்டேன். பாலைக் காய்ச்சி ஒரு டம்ளரில் ஊற்றினேன். சட்டையைத் தேய்த்தேன். பிறகு போனில் அந்தத் தளத்தைத் திறந்தேன்.

'இன்னைக்கு எப்படி இருக்கே?' என்று கேட்டது. கீழே ஐந்து முகங்கள். ஐந்தாவது அழும் முகம். அதை அழுத்தினால்தான் என் மனைவி பேசுவாள்.

"கண்ணா, அவசரமே இல்ல. மெதுவா மூச்சை இழு. நான் இங்கேதான் இருக்கேன்."

என்னிடம் அவள் ஒருநாளும் அவசரமில்லை என்று சொன்னதில்லை. 'கிளம்பு, கிளம்பு' என்றுதான் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவாள். இங்கே யார் பெற்ற பிள்ளைகளுக்கோ கண்ணா. தேர்வு பயம், ஹாஸ்டல் சண்டை, காதல் தோல்வி, எல்லாவற்றுக்கும் கண்ணா. எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் மறுபடி கேட்டேன்.

அவள் கல்லூரியில் மனநல ஆலோசகராக இருந்தாள். அவள் அறை வாசலில் நின்றாலே மற்றவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்று யாரும் வர மாட்டார்கள். அதனால் கணினித் துறை மாணவர்களைப் பிடித்து இந்தத் தளத்தைச் செய்யவைத்து, தன் குரலையே அதில் பதிந்தாள். போனில் ஆப் எதையும் இறக்க வேண்டாம். ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில்காரன் கண்ணில் எதுவும் படாது. மாணவர் எண் இருந்தால்தான் திறக்கும். அவள் போன பிறகு, ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும் என்று மச்சினனின் எண்ணை வாங்கினேன். அவன் அங்கேதான் படிக்கிறான்.

அன்று அலுவலகத்துக்கு அவனிடமிருந்து போன்.

"மாமா, தினமும் என்ன பண்றீங்க? என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, ரூம்ல பிளேடு இருக்கான்னு கேக்குறாங்க. எனக்கு இன்னும் மீசையே ஒழுங்கா முளைக்கலன்னு சொன்னேன், நம்ப மாட்டேங்கறாங்க. அம்மாவுக்கு வேற சொல்லிட்டாங்க. அழுதுக்கிட்டே பஸ் ஏறிட்டாங்க."

ஒரு வாரம் விடாமல் ஐந்தாவது முகத்தை அழுத்தினால் ஆலோசகருக்குத் தகவல் போகுமாம். அவள் செய்த ஏற்பாடு. எனக்குத் தெரியாது.

மாமியாருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். அவள் நாற்காலியில் வேறு ஒரு பெண் இருந்தார், எதிரில் மச்சினன். நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன் சார். இல்லாதவங்க குரலை வெச்சிருக்கலாமான்னு நிர்வாகத்துல கேக்குறாங்க. நீங்க வேண்டாம்னா இன்னைக்கே எடுத்துடுறோம். பதிவை உங்ககிட்டயே தந்துடுறோம்."

என்னிடம் மட்டும்.

"எடுத்துடுங்க" என்றேன்.

"மாமா, அடுத்த வாரம் பரீட்சை" என்றான் மச்சினன். "பாதிப் பேரு அதைக் கேட்டுட்டுத்தான் ஹாலுக்குள்ள போறான்."

"கேப்பாங்க. ஊருக்கே கண்ணான்னு கொஞ்சி வெச்சிருக்கா."

அவன் என்னைப் பார்த்தான். சிரித்துவிட்டான்.

"அதுவா? அக்கா எழுதி வெச்சுப் படிச்சது மாமா. என்னை எதிர்ல உக்கார வெச்சுத்தான் ஒத்திகை பாத்தா. 'கண்ணா'ன்னு வரும்போதெல்லாம் சிரிப்பு வந்து நிறுத்திட்டா. என்னை நிஜமா கூப்பிட்டது 'டேய் எருமை'. உங்களை என்ன சொல்வா?"

அந்தப் பெண் காத்திருந்தார்.

"இருக்கட்டும். எடுக்க வேண்டாம்" என்றேன்.

வெளியே வந்தபோது படிக்கட்டில் ஒரு பையன் காதில் இயர்போனுடன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். இப்போதும் எரிந்தது. கேட்டுக்கொள்ளட்டும். எழுதிப் படித்ததுதானே.

கடைசியாக உங்களிடம் என்ன சொன்னாள் என்று மாமியார் கேட்டபோது, 'பத்திரமா இருங்க' என்றாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய். அன்று காலை அவள் வண்டிச் சாவியை எடுத்தாள், செருப்பை மாட்டினாள், வாசல்வரை போனவள் திரும்பிப் படுக்கையறையை எட்டிப் பார்த்தாள். கல்லூரிக்குப் போகும் வழியில் ஒரு லாரி. அவள் எட்டிப் பார்த்துச் சொன்னது எந்தத் தளத்திலும் இல்லை.

"ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதேப்பா. சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்குது."