நட்சத்திர மீனிடம் திரும்பிய செதில் புழு

வளைகுடா ஊர் அருங்காட்சியகத்தில் சாராயத்தில் ஊறிக் கிடந்த செத்த செதில் புழு ஒன்று, மூடி திறக்காத தன் ஜாடியை விட்டுக் கிளம்பி, மாடியில் மூடி திறக்காத நட்சத்திர மீன் ஜாடிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அந்த வாரம் ஸ்னூக் மீன் விலை ஏறியிருந்தது. முதலில் பார்த்தவள் பதிவட்டை தட்டச்சு செய்யும் லவோனா. யாரிடமும் சொல்லாமல் இடுக்கியால் எடுத்துக் கீழே கொண்டுபோனாள். அதுதான் வினையாயிற்று. இடுக்கியும் புழுவுமாக அவள் படியிறங்குவதைப் புழுப் பிரிவின் தலைவர் பெஸ்டர் பார்த்துவிட்டார்.

"எங்க கொண்டு போற?"

"அது இடத்துக்குத்தான் ஐயா. மாடிக்கு வந்திருச்சு."

"வந்திருச்சா? கால் வலிக்குதுன்னு சொல்லலையா?"

அன்றிலிருந்து சந்தேகம் அந்தக் கட்டடத்தில் ஈரம்போல் ஊறியது. புழு மறுபடி மறுபடி மாடிக்குப் போனது. சாராயத்தைக் குடிக்கத்தான் லவோனா ஜாடிகளைத் திறக்கிறாள் என்று நினைத்த பெஸ்டர், பேச்சுக் கொடுக்கும் சாக்கில் அவள் வாயை மோந்து பார்த்தார். சாயங்காலம் அவள் பையைச் சோதித்தார். தலைநகர மேலதிகாரி வந்ததும் அவளை வேலையை விட்டு அனுப்பிவிடுவதாகவும் சொன்னார். மீன் ஆலை மூடியபின் லவோனா வீட்டு அடுப்பு அவள் சம்பளத்தில்தான் எரிந்தது. அவளோ வாயில்காப்பாளர் டாவியைச் சந்தேகப்பட்டாள். படிகளில் மினுமினுத்த செதில்களை அவள்தான் பெருக்கினாள்.

"மாமா, ஸ்னூக்கைப் படியில உக்காந்தா தின்னுறீங்க?"

"எனக்கு ஸ்னூக் வாங்க வக்கு ஏதும்மா? நான் தின்னுறது வெறும் ரொட்டி. உங்க பெஸ்டர் ஐயாவைப் போய்க் கேளு, அவருதான் செருப்பைக் கழட்டிட்டு, சத்தம் வராம சாக்ஸோட வேவு பாத்து நடமாடுறாரு."

மேலதிகாரி நோபந்து அம்மா வருவதற்கு முந்தின நாள், பெஸ்டர் புழு ஜாடியைத் தன் மேசை இழுப்பறைக்குள் பூட்டிச் சாவியைக் கழுத்தில் கட்டிக்கொண்டார். மறுநாள் அந்த அம்மா முன்னால் பூட்டைத் திறந்தார். ஜாடி மூடியின் அரக்கு முத்திரை அப்படியே இருந்தது. ஜாடியில் சாராயம் மட்டும். மாடியில் நட்சத்திர மீனின் கைக்கு அடியிலுள்ள பள்ளத்தில் புழு சுகமாக ஒட்டிக்கொண்டிருந்தது. பெஸ்டரின் சாக்ஸில் ஒரு செதில் பச்சையாக மினுங்கியது.

"சாவி யார்கிட்ட இருந்துச்சு?" என்றார் நோபந்து அம்மா.

பெஸ்டர் கழுத்தைத் தடவினார். இப்போது எல்லாரும் அவரையே பார்த்தார்கள். டாவி மாமா இருமுவதுபோலச் சிரித்தார். லவோனாவுக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. படகுக்காரர்கள் அந்த இரண்டையும் ஒரே வாளியில், ஒன்றின் கைக்குள் மற்றது ஒட்டியபடியே கொண்டுவந்திருந்தார்கள். ஓர் இனத்துக்கு ஒரு ஜாடி என்ற விதிப்படி பிய்த்தெடுத்து, வேறு எண் போட்டு, வேறு தளத்தில் வைத்தது அவள்தான்.

"நான் செஞ்ச தப்பும்மா. சேர்ந்து இருந்ததைப் பிரிச்சு எழுதிட்டேன்."

"அப்ப திருத்தி எழுது. புழுவுக்காக ஆளை அனுப்ப நான் வரல."

லவோனா பதிவட்டையில் 'இருக்குமிடம்: நட்சத்திர மீன் ஜாடி' என்று தட்டினாள். அம்மா கையெழுத்திட்டார். புழு அதன்பின் கீழே வரவில்லை.

ஆனால் மற்ற அலமாரிகளிலும் விதிப்படி பிரித்து வைத்தவை ஏராளம்; அவையும் துணை தேடிப் படியேறின. பதிவட்டைகளை ஒவ்வொன்றாகத் திருத்த வருடங்கள் ஆயின. அதுவரை படிகளில் செதில் கிடந்தது, லவோனா பெருக்கினாள். பெஸ்டர் ஓய்வு பெறும்வரை தினமும் அவள் பையைச் சோதித்தார். சோதித்துவிட்டு, விளக்கணைத்து, எல்லாக் கதவையும் பூட்டுவார். மாடிப்படிக் கதவை மட்டும் ஒரு புழு நுழையும் அளவுக்குத் திறந்து வைப்பார்.